பதினாலாம் பாயின்ட்டும் என் கெட்டிக்காரத்தனமும்

சென்ற மாதம் பிரகாஷ் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். நல்ல வேலைக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். எங்கள் யார்டின் பழைய புரோகிராம்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறார்களாம். இப்போது பாதியைக் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது, நாங்கள் சரிபார்த்தால் போதும் என்றார். அப்படிப் பார்த்துக்கொண்டே வரும்போது நான் எழுதிய ஓர் இடத்தில் வண்டி நின்றுவிட்டதாம்.

“மேடம், ஐஸ் பொட்டி மானிட்டர்ல ஒரு மெசேஜ் இருக்கு. ஏதாவது பாயின்ட்ல டேட்டா வரலன்னா, ‘தனசேகரைக் கேள்’னு செவப்பு எழுத்துல வருது. தனசேகர்னு ஏதாவது சர்வர் இருந்துச்சா? நெட்வொர்க் முழுக்கத் தேடிட்டோம்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனை மேஜைமேல் வைத்தேன். “மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டார். “இருக்கேன், நாளைக்குச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். அந்த நாளை போய் ஒரு மாதம் ஆகிறது. போனில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பட்டம் வாங்கியதும் ஹைரோட்டில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு பேருக்கு ஒரு மிஷின். பிறகு திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேட்டா என்ட்ரி வேலை. அங்கேயே ஜாவா படித்துப் புரோகிராமர் ஆனேன். இதற்குள் எத்தனையோ வருடங்கள் போயின, எழுதுகிற அளவுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர: எனக்குக் கெட்டிக்காரி என்ற பெயர் வந்தது. வந்த பெயரைக் காப்பாற்ற ஆரம்பித்தேன். அங்கேதான் தப்பு.

புரோகிராம் எழுதாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு வேலையைச் செய்யும்போது தவறு நேரலாம் என்று தெரிந்தால், அதை மூன்று கட்டமாக எழுதுவோம். முதலில் டிரை: செய்து பார். அடுத்தது கேட்ச்: தவறினால் அந்தத் தவறைப் பிடித்து, என்ன செய்வதென்று பார். கடைசியில் ஃபைனலி: எது எப்படிப் போனாலும் போவதற்கு முன் இதைச் செய்துவிட்டுப் போ. தவறு நடந்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நான் இதை வித்தை காட்டுவதற்கு வைத்துக்கொண்டேன்.

ஒரு பட்டியலைப் படிக்க வேண்டுமென்றால் அதில் எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்துப் படிப்பார்கள். நான் எண்ண மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன், பட்டியல் தீர்ந்து சுவரில் மோதியதும் அந்த மோதலைக் கேட்ச்சில் பிடித்து “முடிந்தது” என்று வைத்துக்கொள்வேன். இன்னொன்று: ஒன்பது அடுக்கு உள்ளே தேடிக்கொண்டிருப்பேன், தேடியது கிடைத்ததும் அடுக்கடுக்காகத் திரும்பி வராமல், ஏதோ பெரிய விபத்து நடந்த மாதிரி ‘எக்செப்ஷன்’ என்கிற தவறு அறிவிப்பு ஒன்றை வீசி, ஒரே தாவலில் வெளியே வந்துவிடுவேன். விபத்தின் பையில்தான் விடை இருக்கும். ஆபீசில் என்னைக் ‘கேட்ச் கஸ்தூரி’ என்றார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

இதற்கெல்லாம் மயங்காத ஒரே ஆள் பர்வீன். ராயபுரத்துக்காரி, என்னைவிட ஐந்து வயது சின்னவள், ஆனால் எனக்கு மேலதிகாரி. அதிகாரி என்றாலும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். நாம் எழுதியதை அச்செடுத்துத் தரச் சொல்லுவாள். மேஜைமேல் பொட்டலத்தில் வறுத்த வேர்க்கடலை, கையில் ஒரு மர ஸ்கேல். ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைப்பாள். புரிந்தால் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்குவாள். புரியாவிட்டால் கடலையும் இல்லை, ஸ்கேலும் நகராது. எதிரே நிற்கிற நமக்குக் கால் வலிக்கும். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. ஒரே கேள்விதான் கேட்பாள். “அக்கா, இது வுழுந்தா சத்தம் கேக்குமா?”

எங்கள் யார்டில் ஐஸ் பொட்டிக்கென்று நாற்பது பிளக் பாயின்ட் இருந்தது. ஐஸ் பொட்டி என்றால் குளிரூட்டிய கன்டெய்னர். இறால், மீன், சில நாள் மாத்திரை மருந்து. கப்பல் ஏறும்வரை அதற்குக் கரண்டு கொடுத்து மைனஸ் பதினெட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவர் தனசேகர். காத்திவாக்கத்துக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். இவர் ஒருவர்தான் ஐ.டி.ஐ. படித்து எலக்ட்ரீஷியன் ஆனவர். அண்ணன் கடலுக்குள் போக, தம்பி கடலில் பிடித்ததைக் காவல் காத்தார்.

ஒரு நாளைக்கு நாலு சுற்று. பொட்டிகளை மூன்றடுக்காக வைத்திருப்பார்கள், இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஒவ்வொரு பொட்டியிலும் முதலில் மிஷின் கம்பிவலைமேல் உள்ளங்கையை வைப்பார். அதிர்கிறதா என்று பார்க்க. பிறகு காதை வைப்பார். அதற்கப்புறம்தான் டிஸ்ப்ளேயில் எண்ணைப் பார்ப்பது. பார்த்ததைக் கம்பத்தில் சாக்பீஸால் எழுதி, வாக்கிடாக்கியில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுவார். புரோகிராமர் என்றாலும் பகலில் கன்ட்ரோல் ரூமிலும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். “ஒண்ணு, மைனஸ் பதினெட்டு பாயின்ட் ஒண்ணு.” “ஒண்ணு, மைனஸ் பதினெட்டு பாயின்ட் ஒண்ணு.” இப்படி நாற்பது தடவை. கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். எனக்கு அது அலுக்கவே இல்லை.

பொட்டியை ஒரு பாயின்ட்டில் மாட்டவோ, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றவோ கன்ட்ரோல் ரூம் உத்தரவு வேண்டும். கம்ப்யூட்டரில் நான் மாற்றினால்தான் எந்தப் பொட்டி எங்கே இருக்கிறதென்று தெரியும். அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. “பன்னெண்டுலேந்து பதிமூணு, ஆர்டர் குடு” என்பார். நான் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டு “குடுத்தேன்” என்பேன். அந்த ஒரு சொல் காதில் விழாமல் யாரும் கேபிளைத் தொடக் கூடாது. ஒரு நாள் சொன்னார், “நீ குடுத்தேன்னு சொல்றத கேக்கறதுக்காகவே சும்மாங்காட்டி ஒரு பொட்டிய மாத்தலாம் போல கீது மேடம்.” அவருக்கு மேடமும் நீயும் ஒன்றாகவே வரும். வாக்கிடாக்கியில் யார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்து நாலு. வந்த வரன்களெல்லாம் வந்த வழியே போய்விட்டிருந்தன. அவருக்கு இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டியிருந்தது. நாங்கள் நேரில் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. ஆசை என்று அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை. இப்போது வைக்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள்?

சித்திரை வெயிலில் இரும்பு ஏணி கையைச் சுடும். அவர் உள்ளங்கையில் கொப்புளம் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐஸ் பொட்டிக்குக் கரண்டு போகிற அதே கேபிள் வழியாக அதன் டெம்பரேச்சரையும் வாங்கிவிடலாம், அதற்கு ஒரு கருவி கிடைக்கிறது என்று படித்திருந்தேன். எழுதிக் கொடுத்தேன், நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாற்பது பாயின்ட்டின் எண்ணும் என் திரையில் பச்சையாக வரும், ஏணி ஏற வேண்டாம். சத்தியமாக அவர் கைக்காகத்தான் எழுதினேன்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பெரிய கிரேன் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கேபிளில் இரைச்சல் கிளம்பி, ஓரிரு முறை எண் வராமல் போகும். உடனே திரையில் சிவப்பு. கப்பல் கம்பெனிக்காரர்கள் பார்க்க வரும் நாளில் இப்படிச் சிவப்பு சிவப்பாக மினுங்கினால் மானம் போகும் என்றார் யார்டு மேனேஜர். நான் ஒரு ராத்திரி கூட யோசிக்கவில்லை, பத்து நிமிடத்தில் தீர்த்தேன். ஃபைனலியில் ஒரு ரிட்டர்ன் போட்டேன், அதாவது ‘விடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பு’ என்ற கட்டளை. “எண்ணைப் படித்துப் பார். எது எப்படிப் போனாலும், கடைசியாகத் தெரிந்த எண்ணைக் கொடுத்துவிடு.” இப்படி எழுதினால் நடுவில் நேர்ந்த தவறு போன இடம் தெரியாது. கேட்ச்சுக்கும் வராது, பதிவிலும் ஏறாது. கம்ப்யூட்டரே இது சரியில்லை என்று மஞ்சள் கோடு போட்டு எச்சரித்தது. அந்த எச்சரிக்கையையும் அணைத்து வைத்தேன்.

பர்வீனின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள், “அக்கா, இது வுழுந்தா சத்தம் கேக்குமா?”

“இது வுழவே வுழாது பர்வீன், அதுதானே அழகு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு திருத்த வேண்டும் என்பதற்கு அடையாளமாகப் பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். மறுநாள் கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நாற்பதும் பச்சை. மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். வட்டத்தை எல்லோரும் மறந்துபோனோம்.

திரை வந்ததும் நாலு சுற்று ஒரு சுற்றானது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. தனசேகர் காலையில் ஒரு முறை நாற்பது எண்ணைச் சொல்லுவார், அவ்வளவுதான். நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குரலை நானே கால்வாசியாக்கி வைத்தேன். பகல் மூன்று மணிக்கு வாக்கிடாக்கியைப் பார்ப்பேன். அது சும்மா கிடக்கும். திரையில் எண்கள் மாறும், ஆனால் எண்கள் “இன்னா மேடம், சாப்ட்டியா?” என்று கேட்காது.

எட்டு மாதம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை மாலை இறால் பொட்டி ஒன்று வந்தது. பதினாலாம் பாயின்ட்டுக்கு ஆர்டர் கேட்டார், கொடுத்தேன். மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் ஞாயிறு, கன்ட்ரோல் ரூமில் என் முறை. காலை பத்து இருபதுக்கு வாக்கிடாக்கி பேசியது. அவருக்கு அன்று வேலை இல்லை. நேற்று மாட்டிய பொட்டி மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததால் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

“மேடம், பதினாலு செத்துக் கீது. கரண்டு இல்ல.”

நான் திரையைப் பார்த்தேன். பதினாலு, பச்சை, மைனஸ் பதினெட்டு பாயின்ட் இரண்டு. “ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருக்கு தனசேகர்.”

“காத வச்சி கேக்கறேன் மேடம். சத்தமே இல்ல. டிஸ்ப்ளேவும் இருட்டா கீது.”

“டிஸ்ப்ளே போயிருக்கும். கரண்டு இல்லாட்டி டேட்டா எப்படி வரும்? ரெண்டும் ஒரே கேபிள்தானே?”

இரைச்சலுக்கு நடுவில் நிதானமாக, வாய்ப்பாட்டின்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “பதினாலுலேந்து பதினஞ்சு. ஆர்டர் குடு.”

நான் கொடுக்கவில்லை. நன்றாக ஓடுகிற பொட்டியை எதற்குப் பிடுங்க வேண்டும்? “வேணாம். நாளைக்குப் பாக்கலாம்” என்றேன். “நீ சொன்னா சரி” என்றார். அதுதான் அவர் வாக்கிடாக்கியில் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

ஆனால் அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆர்டர் இல்லாமலே கேபிளைப் பதினாலிலிருந்து எடுத்துப் பதினைந்தில் மாட்டிவிட்டார். மாட்டியதும் மிஷின் ஓடியது. ஆனால் அதற்குள் பதினாறு மணி நேரம் போயிருந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பொட்டி இன்னும் பதினாலில்தான் இருந்தது, பதினைந்து காலி என்றே இருந்ததால் அதன் எண்ணை அது படிக்கவும் இல்லை.

திங்கள் காலை சோதனைக்குத் திறந்தார்கள். இறால் உருகி, பிறகு மறுபடி உறைந்து, அட்டைப்பெட்டிகளெல்லாம் ஒரே பாறையாக ஒட்டிக்கிடந்தன. மத்தியானமே விசாரணை. மேனேஜர் கையில் என் புரோகிராம் கொடுத்த பதிவு. சனி மாலையிலிருந்து திங்கள் காலை வரை பதினாலில் மைனஸ் பதினெட்டு. “பதினாலுல ஜில்லுனு இருந்த பொட்டி பதினஞ்சுல எப்படிப்பா வந்துது? யாரு ஆர்டர் குடுத்தா? எப்பவோ புடுங்கிப் போட்டுட்டு, மாட்ட மறந்துட்டு, இப்ப ஞாயித்துக்கிழமைன்னு கத சொல்றியா?” என்றார். தனசேகர் என்னைக் காட்டினார். “மேடத்துகிட்ட சொன்னேன் சார். கேளு.”

மேனேஜர் என்னைக் கேட்டார். “உங்களைக் கூப்பிட்டாரா?” கூப்பிட்டார் சார். “என்ன சொன்னார்?” சத்தம் இல்ல, டிஸ்ப்ளே எரியலன்னு சொன்னார். “ஸ்கிரீன்ல?” மைனஸ் பதினெட்டு பாயின்ட் இரண்டு சார். “மாத்த ஆர்டர் குடுத்தீங்களா?”

“குடுக்கல சார்.”

நாலு பதில், நாலும் உண்மை. தனசேகர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வாக்கிடாக்கியில் சரியாகக் கேட்காதபோது திருப்பிச் சொல்லச் சொல்லிக் காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் திருப்பிச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே சஸ்பென்ஷன். விசாரணை முடிந்தால் வேலை போய்விடும் என்பது வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்த அறையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஞாயிறே கேபிளைப் பிடுங்கிவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். பதினாலில் திங்கள் வரை எண் வருகிறது. ஒன்று அவர் பொய், இல்லையென்றால் என் திரை பொய். நான் அவர் சொன்னதைத்தான் புரட்டிப் புரட்டிச் சந்தேகப்பட்டேனே தவிர, நான் எழுதியதைச் சந்தேகப்படவில்லை.

பர்வீன் லீவு முடிந்து வியாழக்கிழமை வந்தாள். பதிவை அச்செடுத்துத் தரச் சொன்னாள். பதிமூன்று, பதினாலு என்று பாயின்ட்வாரியாக மேஜையில் விரித்து, ஸ்கேலை வைத்தாள். பதிமூன்றை இறக்கிக்கொண்டே போனாள். பதினேழு எட்டு, பதினெட்டு, பதினெட்டு ஒன்று, பதினேழு ஒன்பது. கடலை போய்க்கொண்டிருந்தது. பதினாலுக்கு வந்தாள். சனி மாலை ஆறு ஐந்து: பதினெட்டு இரண்டு. ஆறு பத்து: பதினெட்டு இரண்டு. ஆறு பதினைந்து: பதினெட்டு இரண்டு. பக்கத்தைத் திருப்பினாள். பதினெட்டு இரண்டு. இன்னொரு பக்கம். ஸ்கேல் அப்படியே இருக்க, கையிலிருந்த கடலையைப் பொட்டலத்தில் திருப்பிப் போட்டாள்.

“ஓடற மிஷினு ஒரே நம்பர்ல நிக்குமாக்கா? வாங்க, நடந்துட்டு வரலாம்.”

உச்சி வெயில். தார் உருகி செருப்பில் ஒட்டியது. பதினாலாம் பாயின்ட் முன்னால் நின்றோம். பாயின்ட்டில் கேபிள் இல்லை, பொட்டி இல்லை, எதுவும் இல்லை. வெறும் துளை. கடல் காற்று பட்டு உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்து, ஒரு பக்கம் கருகியிருந்தது. பர்வீன் வாக்கிடாக்கியை எடுத்தாள். “கன்ட்ரோல், பதினாலு இப்ப இன்னா காட்டுது?”

“மைனஸ் பதினெட்டு பாயின்ட் ரெண்டு, மேடம்.”

பர்வீன் என்னைப் பார்க்காமல் அந்தத் துளையையே பார்த்தாள். “பொட்டியே இல்லியேக்கா. அப்ப யாரு இந்த நம்பர சொல்றது?”

நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் பத்து நிமிடத்தில் எழுதிய ஒரு வரியில், சனிக்கிழமையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நான்தான். கம்பத்தில் சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. “14. கரண்டு இல்ல. ஞாயிறு 10.20. சொல்லியாச்சு.” வெயிலில் நின்றபடியே அழுதேன். பர்வீன் தோளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள். பிறகு, “எழுதிக் குடுத்துருங்கக்கா, இன்னைக்கே” என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, “தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டா போதாதா? எதுக்கு உங்க பேரு?” என்றார். கோளாறு ஒன்றும் இல்லை சார், நான் எழுதினபடியே அது வேலை செஞ்சுது என்றேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். அடுத்த செவ்வாய் தனசேகரின் சஸ்பென்ஷனை ரத்து செய்தார்கள். புதன் காலை வாக்கிடாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வேறு யாரோ எண் சொன்னார்கள். வியாழனும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கத்துக்குப் போனேன். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. கழிமுகத்துக் கரையில் அண்ணனோடு உட்கார்ந்து வலையிலிருந்து இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவினார். “வா மேடம். டீ சாப்பிடறியா?” குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “என்னை மன்னிச்சுக்கோங்க தனசேகர்” என்றேன்.

“எதுக்கு? நீ ஒண்ணும் பொய் சொல்லலியே” என்றார். “பொய் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் மேடம், அத்தோட தீந்திருக்கும். நீ சொன்னது அத்தினியும் நெசம். அதான் பேஜாரா கீது.”

“திரும்ப வாங்க. எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

அவர் ஓர் இறாலை எடுத்து, தலையைத் திருகாமல், திரும்பக் கூடையிலேயே போட்டார். “நான் வந்து நம்பர் சொல்றேன்னு வச்சிக்க. நீ அத்த அப்டியே எழுதுவியா, மொதல்ல ஸ்கிரீன பாப்பியா?”

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். எழுதுவேன் என்று ஒரு சொல். எனக்கு அந்த நேரத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றி, உண்மை எது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார். “பாத்தியா, உனக்கே தெரியல. வுடு மேடம். வெயில் ஏறுது, வூட்டுக்குப் போ.” அவர் வேலைக்குத் திரும்பவில்லை. அண்ணனோடு கடலுக்குப் போனார்.

ஃபைனலியில் இருந்த ரிட்டர்னை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் பணி முடியும்வரை என் புரோகிராமில் எந்த வித்தையும் கிடையாது. பட்டியலை எண்ணித்தான் படித்தேன், அடுக்கடுக்காகத்தான் திரும்பி வந்தேன், விழுந்தால் ஊருக்கே சத்தம் கேட்கிற மாதிரி எழுதினேன். எண் வராவிட்டால் திரையில் சிவப்பாக என்ன வர வேண்டும் என்று பர்வீன் கேட்டபோது, இந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தேன்: ‘தனசேகரைக் கேள்.’ பர்வீன் அதற்கு அடியில் ஸ்கேலை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்கு இறங்கினாள்.

எழுதி வைத்தேனே தவிர, நான் போய்க் கேட்கவில்லை. அரை மணி நேர பஸ் பயணம். முதலில் வெட்கம், அப்புறம் அம்மாவின் உடம்பு, அப்புறம் ‘இனிமேல் என்ன’ என்கிற எண்ணம். ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாப்வரை போய், ஒரு காரணத்தைக் கடைசியில் வைத்துத் திரும்பி வந்தேன். இறால் வாங்கும்போதெல்லாம் எந்தப் படகு என்ற கேள்வி வாய்வரை வரும், கேட்க மாட்டேன். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு முறை யாரோ சொன்னார்கள். நல்லது என்றேன். அன்றும் சாப்பாடு இறங்கவில்லை.

பிரகாஷ், தனசேகர் சர்வர் இல்லை. மிஷினைக் கையால் தொட்டு, காதால் கேட்டு, அதற்கப்புறம் கண்ணால் பார்த்தவர். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள், உங்கள் யார்டில் இப்போது ஏணி ஏறுகிறவர் யாரோ அவர் பெயரைப் போடுங்கள். கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததில் எங்காவது தவறைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத காலியான கேட்ச் இருந்தால், ஃபைனலியில் ரிட்டர்ன் இருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதும் திரை சொல்வதும் வேறாக இருந்தால், முதலில் எதை எழுதுவீர்கள் என்று இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நின்று யோசிக்க முடியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, எவனோ ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறான். இட்லியை இறக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், அது ஆறிப்போயிருக்கும். கடிகாரத்தில் பத்து இருபது. இந்த நேரம் வந்தால் எனக்கு அந்தக் குரல் கேட்கும், இரைச்சலுக்கு நடுவில், ஒவ்வொரு சொல்லாக. பதினாலுலேந்து பதினஞ்சு. ஆர்டர் குடு. இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று வாய்விட்டே சொன்னேன், சமையலறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

“குடுத்தேன்.”